செல்லம் திரும்பிப் பார்க்கவில்லை

1

போன கார்த்திகையில் என் மகள் யாழினி இரண்டு நல்ல செய்திகளோடு வீட்டுக்கு வந்தாள். ஒன்று, கனடிய அரசாங்கத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அதுவும் குடிவரவுப் பகுதியில். மற்றது, வரும் பங்குனியில் எனக்கு அறுபது வயது நிறைவதால் மண்டபம் எடுத்துக் கொண்டாடப் போகிறாள். என் கணவர் உடனே தன் அக்காவுக்கு ஃபோன் எடுத்தார். நான் குசினிக்குள் போய், கழுவுவதற்கு ஒன்றும் இல்லாதபோதும் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். எனக்குப் பயம் வந்தால் அப்படித்தான், ஏதாவது சத்தம் வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் படிவத்தை மேசையில் விரித்துவிட்டாள். வேலையில் சேருமுன் பாதுகாப்புச் சோதனையாம். பன்னிரண்டு பக்கம். அவளைப் பற்றி மூன்று பக்கம், மீதி எல்லாம் எங்களைப் பற்றி. தாயின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவள் ஓர் இடத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் வேற பேர் ஏதும் பாவிச்சிருக்கிறீங்களோ? இதிலை கேட்டிருக்கு."

"இல்லை" என்றேன்.

அந்த இல்லையைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை. பழக்கம் அப்படி. அவள் கட்டத்தில் கோடு போட்டாள். பிறகு கடைசிப் பக்கத்தை எனக்குச் சிரித்துச் சிரித்து வாசித்துக் காட்டினாள். தெரிந்துகொண்டு பொய் எழுதினால் வேலை போகும், வழக்கும் வரும் என்று அதில் இருந்ததாம். "நல்ல காலம், எங்கடை வீட்டிலை சொல்லுறதுக்கு ஒரு ரகசியமும் இல்லை" என்றாள். என்னுடைய பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி ஒன்றும் வேண்டுமாம். கையில் இருப்பது எழுத்தே தெரியாத ஃபோட்டோகொப்பி. தை மாதம் இரண்டு கிழமை லீவு எடுத்து என்னைக் கண்டிக்குக் கூட்டிப்போய் அதை எடுத்துத் தருவதுதான் அவளுடைய பிறந்தநாள் பரிசு.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் ஒளிக்க வேண்டியதில்லை. உங்களில் பலருக்கு இது புதிதும் இல்லை. யாழினி படிவத்தில் எழுதிய இராஜேஸ்வரி என்பது என் அக்காவின் பெயர். எனக்கு நான்கு மாதமாக இருக்கும்போது, மூன்றரை வயதில், காய்ச்சலில் செத்துப் போனவள். அவளுடைய பிறப்புச் சான்றிதழில்தான் நான் படித்தேன், கலியாணம் முடித்தேன், கனடாவுக்கு வந்தேன், பிரஜையானேன். என்னுடைய பெயர் பாக்கியம். எனக்கு அறுபது இல்லை. ஐம்பத்தேழுகூட ஆடியில்தான் நிறையும்.

2

கண்டி மலையில் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அப்போது இது பெரிய குற்றமாக யாருக்கும் தோன்றவில்லை. செத்த பிள்ளையின் சான்றிதழைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள். அடுத்த பிள்ளைக்கு அதையே காட்டினால் வயது இரண்டு மூன்று கூடும். கூடினால் செக்ரோலில், அதாவது தோட்ட ஆபிஸில் தொழிலாளர்களின் பெயர் எழுதும் பதிவேட்டில், பிள்ளையின் பெயர் சீக்கிரம் விழும். "உன் மகளுக்குப் பேர் பதிஞ்சாச்சா?" என்பதுதான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒருவரை ஒருவர் நலம் விசாரிக்கும் விதம். அப்பா பொல்லாதவர் இல்லை. வீட்டில் இரண்டு கை கூடினால் அடுப்பு எரியும் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

இதனால் நான் வகுப்பில் காகிதத்தின்படி எல்லோருக்கும் மூத்தவள். உயரத்தின்படி முதல் வாங்கில் இருந்தவள். உண்மையில் பன்னிரண்டு வயதில், காகிதத்தில் பதினைந்தில், என் பெயர் பதிந்தது. ஒரு வருஷம் கொழுந்து எடுத்தேன். பிறகு அண்ணன் சிவலிங்கத்துக்குத் திகனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை கிடைத்தது. அவர் வெயர்ஹவுஸ் மூலையில் படுத்துக்கொண்டு என்னைக் கண்டியில் விடுதி ஒன்றில் விட்டுப் படிக்க வைத்தார்.

அந்த விடுதியில்தான் 'செக்ரோலில் இல்லாதவள்' நாவலை வாசித்தேன். எங்கள் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்த ஒருவர் எழுதியது. இன்றைக்கு மலையகம் பற்றிப் பேசும் எவரும் அந்தப் புத்தகத்தைச் சொல்லாமல் விடமாட்டார்கள். எனக்கு அது இலக்கியமாக முதலில் தெரியவில்லை. யாரோ எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார்கள் என்றுதான் பயந்தேன்.

கதை தெரியாதவர்களுக்காக: செல்லம் என்ற பெண்ணுக்குச் செத்துப்போன அக்கா மருதாயியின் சான்றிதழ். முதல் அத்தியாயத்தில் காலைப் பிரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிறார்கள். "மருதாயி" என்று கணக்கப்பிள்ளை கூப்பிட, செல்லம் சும்மா நிற்கிறாள். பக்கத்தில் நிற்பவள் முழங்கையால் இடித்த பிறகுதான் "ஆங்" என்கிறாள். ஐம்பதாம் பக்கத்தில் இடிக்காமலே சொல்கிறாள். நூறாம் பக்கத்தில் தாயும் அவளை மருதாயி என்று கூப்பிடத் தொடங்கிவிடுகிறாள். கடைசியில் இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போகிறவர்களின் கோச்சி கண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. மருதாயி என்ற பெயரில் பாஸ்போர்ட் வந்த மகள் புருஷனோடு ஏறுகிறாள். தாய்க்குப் பாஸ்போர்ட் வரவில்லை. கோச்சி அசையும்போது தாய் பல வருஷத்துக்குப் பிறகு பெற்ற பெயரைச் சொல்லிக் கத்துகிறாள், "செல்லம்!" நாவலின் கடைசி வரி இதுதான்: 'செல்லம் திரும்பிப் பார்க்கவில்லை.'

கோபத்தில் இல்லை. அது தன் பெயர் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அதனால்.

அன்றைக்கு விடுதிக் கட்டிலில் இருந்து கொண்டு நான் "பாக்கியம், பாக்கியம்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். காது இன்னும் கேட்டது. நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு அடிக்கடி சொல்லிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

3

மார்கழியில், இங்கே ஒரு நூலக மண்டபத்தில், அந்த நாவலைப் படமாக்கியதைக் காட்டினார்கள். என் கணவரின் ஊர்ச் சங்கத்தார் ஏற்பாடு. அவர் யாழ்ப்பாணத்தவர். சங்கத்தில் என்னைத் தவிர எல்லோரும் யாழ்ப்பாணத்தவர்கள். அங்கே நான் "ஓம்", "வாறன்" என்றுதான் கதைப்பேன், முப்பது வருஷத்தில் நன்றாகவே வந்துவிட்டது. தமிழ் வாசிக்கத் தெரியாத யாழினிக்கு நாவல் எட்டாது. படத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்து ஓடும் என்று அவளும் வந்தாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பல் வலிக்கும் இடத்தை நாக்கு போய்ப் போய்த் தொடும், அதுபோலத்தான்.

படத்துக்குப் பெயர் வெறும் 'இல்லாதவள்.' செக்ரோல் என்றால் வெளியில் யாருக்கும் விளங்காதாம். முதல் காட்சியில் பிரட்டு இல்லை. வானத்தில் இருந்து மலை, மலை மேல் பஞ்சு மாதிரி மேகம். கொழுந்து எடுக்கும் கதாநாயகியின் கூடை கடையில் அன்று வாங்கிய கூடை. கூடைக் கயிறு நெற்றியில் அழுத்திய தடம் அவள் முகத்தில் எங்கேயும் இல்லை. நாவலில் அறுபது வயதான, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர், படத்தில் மீசை வைத்த இளைஞனாகி அவளைக் காதலிக்கிறார். நான் இருட்டில் இதையெல்லாம் குற்றம் பிடித்துக்கொண்டே இருந்தேன். குற்றம் பிடித்துக்கொண்டிருந்தால் பயப்படாமல் இருக்கலாம்.

ஆனால் படம் ஒரு இடத்தில் என் கழுத்தைப் பிடித்தது. நாவலில் தகப்பன் பெரிய மகளின் சாவை ஆபிஸுக்கு அறிவிப்பதேயில்லை. மலைச் சரிவில் புதைத்துவிட்டு மறுநாள் பிரட்டுக்குப் போகிறான். ஆகையால் ரகசியம் நிலைக்கிறது. படத்தில் அந்தச் சாவு பதியப்பட்டிருக்கிறது. ரயில் ஸ்டேஷனில் ஓர் அதிகாரி தடித்த புத்தகத்தை விரிக்கிறார். மருதாயியின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'இறந்துவிட்டார்.' அவர் நிமிர்ந்து, "அப்படியானால் நீ யார்?" என்கிறார். அவள் சான்றிதழைக் கிழித்தெறிந்து, "நான் செல்லம்!" என்று கத்துகிறாள். தாய் கூப்பிட, அவள் திரும்பி, சேலை பறக்க ஓடி வருகிறாள். இருபது வயலின் ஒரேயடியாக அழுகின்றன. மண்டபமும் அழுதது.

யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் முடிவு இல்லை. ஒருத்தி தன் பெயரை மறப்பதற்கு முந்நூறு பக்கம் வேண்டும், நாவலில் அந்த அவகாசம் இருக்கிறது. இரண்டு மணி நேரப் படத்தில் ஞாபகம் வருவதற்குத்தான் நேரம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு இந்த யோசனையெல்லாம் வரவில்லை. சிவப்பு மைதான் கண்ணுக்குள் நின்றது. எங்கள் அப்பா அறிவித்தாரா, இல்லையா?

காரில் யாழினி மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அம்மா, அவ ஏன் முதலே சொல்லேல்லை? சொல்லியிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லையே."

"புத்தகத்திலை அவ கடைசிவரைக்கும் சொல்லுறதில்லை."

"அப்ப புத்தகம்தான் பிழை."

என் கணவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். அன்று படுக்கப் போகும்போது மெதுவாகச் சொன்னார். "நீர் ஒண்டும் கதையாதையும். முப்பது வருஷமா ஒருத்தரும் கேக்கேல்லை. இனியும் கேக்கமாட்டினம்."

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், பஸ் தரிப்பில் நின்று திகனைக்கு ஃபோன் எடுத்தேன். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன், விடிகாலை என்றால் ஊரில் பின்னேரம்.

"அண்ணே, ராஜி செத்தத ஆபிஸ்ல பதிஞ்சாங்களா?"

"எனக்கு அப்ப ஏழு வயசு பாக்கியம். குழி வெட்டினது ஞாபகம் இருக்கு. மழை. அப்பா கம்பளிய அதுமேல போட்டாரு. ஆபிஸுல என்ன எழுதுனாங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

4

தை மாதம் கண்டியில் குளிர் என்பார்கள். எனக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது. கைப்பையில் காகிதக் கோப்பு இருக்கிறதா என்று கடுகண்ணாவை ஏற்றத்தில் மட்டும் நான்கு தடவை பார்த்தேன்.

திகனையில் அண்ணன் வாசலில் நின்றார். "வா பாக்கியம், வாங்கம்மா யாழினி!" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க மறந்துவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. யாழினி பெட்டியை இழுத்துக்கொண்டு வந்ததில் கவனிக்கவில்லை. அண்ணனைப் பின்பக்கம் இழுத்துப் போய், "புள்ள முன்னுக்கு ராஜின்னு கூப்புடுங்க அண்ணே" என்றேன்.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. "ரா..." என்று தொடங்குவார், பிறகு "இந்தாம்மா" என்பார். தான் தூக்கி வைத்திருந்த தங்கச்சியின் பெயரை இன்னொருத்திக்கு வைத்துக் கூப்பிட அவரால் முடியவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அதை யோசித்ததே இல்லை.

எங்கள் தோட்டத்துப் பழைய பதிவேடுகள் கண்டி அலுவலகத்தில் இருப்பதாக அவர் விசாரித்து வைத்திருந்தார். மறுநாள் காலை நானும் யாழினியும் பஸ்ஸில் போனோம். குளத்தைச் சுற்றி வாகனங்கள் நகரவே இல்லை. நகராமல் இருக்கட்டும், அலுவலகம் மூடட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். மூடவில்லை.

மேசையில் இருந்தவள் தலையில் முக்காடு போட்ட இளம் பெண். பெயர் பர்ஸானா, அலவத்துகொடையில் இருந்து வருகிறாள். வரிசையில் நின்ற எல்லோருக்கும் அவரவர் பாஷையில் பதில் சொன்னாள். என் ஃபோட்டோகொப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நம்பர் வெளங்குதில்லையே. வாப்பாட பேரையும் தோட்டத்தயும் செல்லுங்க, நான் தேடிப் பாக்கிறேன்" என்றாள்.

துணி அட்டை போட்ட பெரிய புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. யாழினி முத்திரைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் இருந்த அறிவித்தல் ஒன்றை முப்பது தடவை வாசித்தேன், அதில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது.

"இந்தா ஈக்கிது. இராஜேஸ்வரி."

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். நான் ஓரத்தைத்தான் பார்த்தேன். ஓரம் சுத்தமாக இருந்தது. சிவப்பு மை இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. சாவுப் புத்தகத்திலும் தேடச் சொல்லலாமா என்று ஒரு கிறுக்கு யோசனை வந்தது, அடக்கிக்கொண்டேன். நாவல்தான் சரி, படம் பிழை! அந்த நாவலாசிரியர் உயிரோடு இருந்தால் நடு வீதியில் காலில் விழுந்திருப்பேன்.

பர்ஸானா அடுத்த புத்தகத்தை மூடவில்லை.

"நோனா, அதே வாப்பா, அதே உம்மா, அதே தோட்டம். மூணு வருஷத்துக்குப் பொறகு இன்னொரு பொம்புளப் புள்ளயும் ஈக்கிது. டிஸ்பென்சரியிலருந்து அறிவிச்சீக்கிறாங்க. பேர் மட்டும் போடல்ல. இது உங்கட தங்கச்சியா? இப்ப சரி வந்து பேரப் போட்டுக்கொள்ளச் செல்லுங்க, இல்லாட்டிப் பொறகு அவங்களுக்குத்தான் கஷ்டம்."

நல்ல மனம். ஊர் பேர் தெரியாத ஒருத்திக்காக அவ்வளவு அக்கறை.

நான் எட்டிப் பார்த்தேன். அப்பாவின் பெயர். அம்மாவின் பெயர். ஆடி மாதத்துக்குச் சரியான ஒரு திகதி. அமாவாசைக்கு மறுநாள் பிறந்தாய் என்று அம்மா சொல்வதுதான் எனக்குத் தெரியும், திகதி எனக்குத் தெரியாது. பெயர் எழுதும் இடத்தில் மையால் ஒரு கோடு. நாவலில் செல்லத்துக்கு எந்தப் புத்தகத்திலும் இடமில்லை. படத்தில் அக்காவின் பெயருக்குச் சிவப்பு மை. இரண்டிலும் இல்லாத ஒன்று என் முன்னால் விரிந்து கிடந்தது. நான் பிறந்திருக்கிறேன். யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். பெயரைப் போட மட்டும் ஒருவரும் வரவில்லை.

"உங்கட தங்கச்சியா?" பர்ஸானா மறுபடி கேட்டாள். யாழினியும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அது செத்துருச்சு" என்றேன். லயத்துப் பேச்சு, எங்கிருந்தோ வந்தது. "சின்னதுலயே செத்துருச்சுங்க."

"அல்லாஹ்" என்றாள் பர்ஸானா. புத்தகத்தை மெதுவாக மூடினாள். "அப்ப மவுத்தும் பதியல்ல போல."

5

திரும்பும் பஸ்ஸில் யாழினி என் கையை விடவே இல்லை. சின்னப் பிள்ளையில்கூட அவள் அப்படிப் பிடித்ததில்லை, தெரு கடக்கும்போது உதறிவிட்டு ஓடுகிறவள்.

"உங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்தது எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை? பாவம் அம்மா. என்ன பேர் அவவுக்கு?"

"பேர் வைக்கல" என்றேன்.

பின்னேரம் அண்ணன் வீட்டு முன்னறையில் யாழினி புதிய சான்றிதழைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் நின்றேன். குசினிக்குள் இருந்து அண்ணன், இரண்டு நாளாகக் கட்டி வைத்த வாயை மறந்து, "பாக்கியம், தேத்தண்ணி ஆறுது, வந்து குடி" என்றார்.

நான் போனேன். யாழினியும் பின்னால் வந்தாள்.

"மாமா, ஏன் அம்மாவைப் பாக்கியம் எண்டு கூப்பிடுறீங்கள்?"

"சின்னதுல இருந்து அவ பேரு அதுதானேம்மா. ராஜி பெரியவ. அவ போய்ச் சேந்த..." அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், பாதியில் நிறுத்தினார். ஆனால் யாழினி அந்தப் படத்தைப் பார்த்தவள். மீதியை யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. கையில் இருந்த சான்றிதழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அதை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில், அதுவும் ஆங்கிலத்தில். கோபித்துக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அப்பாவிடம் ஃபோனில் நீண்ட நேரம் பேசினாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, பிரஜாவுரிமையைப் பறித்தால் என்னை எந்த நாட்டுக்கு, எந்தப் பெயரில் அனுப்புவார்கள் என்று யோசித்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே யோசித்தேன். இராஜேஸ்வரியாக அனுப்பினால் அவள் மண்ணுக்குள் இருக்கிறாள். பாக்கியமாக அனுப்பினால் அந்தக் கோட்டுக்கு யார் விசா அடிப்பார்கள்?

மூன்றாம் நாள் அண்ணன் எங்களைத் தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்டவுக்குக் கூட்டிப்போனார். பழைய லயத்துக்குக் கீழே ஒரு சரிவைக் காட்டினார். இப்போது அங்கே தைல மரங்கள் நிற்கின்றன. "இந்தப் பக்கம்தான். எந்த எடம்னு சரியாச் சொல்லத் தெரியல" என்றார். கல் இல்லை, மேடு இல்லை. அண்ணன் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். இத்தனை வருஷமாக அவளுடைய பிறந்தநாளைத் தின்ற நான் அங்கே முதல் தடவையாக அழுதேன்.

யாழினி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் உங்களிட்டைக் கேட்டனான். நீங்கள் இல்லை எண்டனீங்கள். நான் அதை எழுதினனான்."

"தெரியும்."

"எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் கையெழுத்து வைச்சிருக்கலாம். இப்ப ஏலாது."

"உன் வேலை போயிடும் யாழி. என்னையும்... அப்பா சொல்றதக் கேளு. பேசாம விடு. முப்பது வருஷமா..."

"போகலாம்" என்றாள். "எல்லாம் போகலாம். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீங்கள் அந்தப் பிள்ளையிட்டை என்ன சொன்னனீங்கள்? செத்துப் போச்சு எண்டு. அம்மா, நீங்கள் செத்துப் போனீங்கள் எண்டு என்னாலை எழுதேலாது."

பிறகு அவளே கேட்டாள். "புத்தகத்திலை கடைசியிலை என்ன நடக்குது?"

சொன்னேன். கோச்சி அசைவதையும், தாய் கத்துவதையும், மகள் திரும்பாததையும்.

"கேக்காததாலையோ?"

"கேட்டுச்சு. தன்னைக் கூப்புடுறாங்கன்னு தெரியல."

யாழினி இரண்டு கையாலும் தன்னைக் கட்டிக்கொண்டாள். "படத்தைவிட இதுதான் பயம்" என்றாள்.

6

திரும்பி வந்து, படிவத்தோடு சேர்த்து அனுப்ப ஒரு வாக்குமூலம் எழுதினோம். நான் தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். இரண்டே பக்கம்தான், இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. கடைசியில் கையெழுத்து வைக்கச் சொன்னாள். "எது?" என்றேன். "ரெண்டும்" என்றாள். இராஜேஸ்வரி தன்பாட்டில் சுழன்று விழுந்தது. பாக்கியம் என்று எழுதக் கை நின்றுவிட்டது. முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வைத்தேன்.

என் கணவர், "உமக்கும் மோளுக்கும் விசர்" என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குள் போய் அரை நாள் வெளியே வரவில்லை. பிறகு வந்து வக்கீல் ஒருவரின் நம்பரை மேசையில் வைத்தார். மண்டபத்தை ரத்துச் செய்தோம். தன் அக்காவுக்கு அவர் என்ன சொன்னாரோ, நான் கேட்கவில்லை. பங்குனியில் அந்த நாள் வந்தபோது விளக்கேற்றி, ஒரு பிஸ்கட் பக்கெட்டை முன்னால் வைத்தேன். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வேறு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் சத்தியக் கடதாசியோடு கண்டி அலுவலகத்துக்கு ஏறி இறங்குகிறார். ஒருத்தியின் சாவைப் பதிய வேண்டும், இன்னொருத்தியின் பெயரைப் போட வேண்டும். பர்ஸானா அவரைக் கண்டால் கதிரை கொடுத்து இருத்துகிறாளாம். அவளுக்கு அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். "நோனாவுக்கு ஸலாம் செல்லுங்க" என்றாளாம்.

யாழினியின் வேலை 'பரிசீலனையில்' இருக்கிறது. முன்பு வேலை செய்த கடையில்தான் இன்னும் நிற்கிறாள். இரவில் அவள் அறையில் வெளிச்சம் எரியும்போதெல்லாம் அந்த ஒரு இல்லையை நான் முதலிலேயே சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். சில வேளை, அதையே கடைசிவரை காப்பாற்றியிருக்கலாம் என்றும் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே மனம்தான் நினைக்கிறது.

மூன்று மாதமாக மத்தியானத்தில் தபால்பெட்டி மூடும் சத்தம் கேட்டால் எழுந்துபோய்ப் பார்ப்பேன். ஆனி மாதம் குடிவரவுப் பகுதியிலிருந்து கடிதம் வந்தது. நேர்முக விசாரணை. எனக்கு மட்டும்.

யாழினி கூட வந்தாள். உள்ளே வர அவளுக்கு அனுமதி இல்லை, காத்திருக்கும் மண்டபம் வரைக்கும்தான். நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள், எல்லோர் மடியிலும் கோப்பு. நான் என் கோப்பை எண்ணிக்கை தெரியாத தடவை திறந்து மூடினேன். தண்ணீர் குடிக்க வேண்டும் போல இருந்தது, எழுந்து மூலையில் இருந்த தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன்.

பின்னால் ஒரு கதவு திறந்த சத்தம். அதிகாரி இளம் பையன், கையில் காகிதம். அதில் இருந்ததை வாசிக்க அவனுக்குச் சிரமமாக இருந்தது.

"பா... பாக்கி... யாம்?"

மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. அப்பாவும் அம்மாவும் அண்ணனும் தவிர அந்தப் பெயரைச் சொல்லி என்னை எவரும் கூப்பிட்டதில்லை. நாவலின் கடைசி வரி எனக்கு ஞாபகம் வந்தது, அதன் முற்றுப்புள்ளியோடு. யாழினி தூரத்தில் கதிரை நுனியில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடித்துவிட எனக்குப் பக்கத்தில் ஆளில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். ஓடவில்லை, முழங்காலில் வாதம். வயலின் ஒன்றும் இல்லை, தண்ணீர்க் குழாய்தான் சொட்டிக்கொண்டிருந்தது. ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாங்க" என்றேன். "நான்தாங்க."